மச்சான் பேருக்கு ஒரு பத்திரம்

"பொண்டாட்டி பேரு வேண்டாம். மச்சான் பேரைப் போடுங்க" என்றார் லாரி மெக்கானிக்.

வக்கீலம்மா டைப் அடிப்பதை நிறுத்தினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவிக்கு முகத்தில் ஈயாடவில்லை. முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவள்.

மெக்கானிக்குக்கு மறதி வியாதி. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் யாரையும் அடையாளம் தெரியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அப்புறம் எங்கே தங்குவது, என்ன வைத்தியம் என்று அவருக்காக முடிவெடுப்பது யார்? புத்தி தெளிவாக இருக்கும்போதே அதை எழுதி வைக்கத்தான் வந்திருந்தார்கள்.

"மண்டைக்குள்ள வயரிங் போச்சு. பார்ட்ஸ் கிடைக்காதாம்" என்று வந்ததும் வராததுமாக அவரே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். எட்டு வருடமாக அவருக்கும் மெக்கானிக்குக்கும் பேச்சு கிடையாது. அப்போது ஒரு நாள், காய்ச்சலில் சுருண்டு கிடந்த மனைவியை எழுப்பி, பட்டறை ஆட்கள் பத்து பேருக்குச் சமைக்கச் சொன்னார் மெக்கானிக். அன்றைக்கே அண்ணன் வந்து, வாய்க்கு வந்தபடி திட்டி, தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் திருப்பி அனுப்பவில்லை.

வக்கீல் ஆபீசிலிருந்து போன் வந்ததால் இன்றைக்கு வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நின்றார்.

"சண்டைக்காரர் உசத்தி, நான் மட்டமா?" என்றாள் மனைவி. "ஏங்க, நான் உங்களைப் பார்த்துக்க மாட்டேனா?"

"பார்த்துப்பே. அதான் பிரச்சினை. அடுத்ததைப் படிங்க மேடம்."

வக்கீலம்மா தயங்கித் தயங்கிப் படித்தாள். "எனக்கு நினைவு தப்பிய பிறகு என்னைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டும். வீட்டுக்குப் போக வேண்டும் என்று நானே அழுதாலும் அனுப்பக்கூடாது."

"வீடு அவ்வளவு கசக்குதா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

மெக்கானிக் அவள் பக்கம் திரும்பவில்லை. "எங்கப்பாவுக்கும் இதே சீக்குதான். கடைசில எங்கம்மாவைத் திருடின்னு நெனச்சு மாடிப்படியில தள்ளிவிட்டாரு. இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கிடந்தாங்க. அப்பவும், 'அவரைத் தனியா விடாதீங்க, நான் வந்துடறேன்'னுதான் சொன்னாங்க."

தானும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். எட்டு வருடத்தில் முதல் பேச்சு.

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா? உங்க தம்பி இருக்காரு, பையன் இருக்கான். என்னைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது. எனக்கும் அப்படித்தான், மறைக்கல."

"அவங்களுக்கெல்லாம் என் மேல பாசம், மச்சான். நான் கண்ணைக் கசக்கினா மனசு இளகி இவகிட்டயே கொண்டுவந்து விட்டுருவாங்க. உங்களுக்கு இவ மேல மட்டும்தான் பாசம்."