முந்நூறாவது தொட்டி

"இதுலயும் வாசமே இல்லக்கா!"

கடைசித் தொட்டியின் புதினா இலையைக் கசக்கி மோந்த தனேஸ், தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னாலிருந்து கத்தினான். மூன்று மடங்கு மணக்கும் புதினா வேண்டும் என்று கதிர்வீச்சு கொடுத்து வளர்த்தவை முந்நூறு தொட்டிகள். இன்றுதான் மோந்து பார்க்கும் நாள். ஒன்றாவது மணக்காவிட்டால் நாளைக்கு யுனிவர்சிட்டியில் அவன் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

"அவசரப்படாத லா," என்றாள் அக்கா நீலாவதி அடுப்படியிலிருந்து. "ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்துட்டு இன்னிக்குத்தான் எந்திரிச்சிருக்க."

"காய்ச்சல் எனக்குத்தானே, செடிக்கா வந்துச்சு?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினான். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் எரிந்துகொண்டிருந்த தீயில் மொத்தமாகப் போட்டான். ஒரு வேர்கூட மிஞ்சவில்லை.

அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"டேய், என்னத்தடா எரிக்கிற? லயம் பூரா புதினா மணக்குது! நான் வறுக்கிற எறா விழுது, பெலாச்சான் நாத்தத்தையே அமுக்கிடுச்சு!"

தனேஸ் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"நீ பெலாச்சானா வறுக்கிற?"