வயருக்கு இரண்டு முனை

"சின்னப் பெட்டியில நான் செருகமாட்டன் தம்பி. மனேச்சர் நான். எனக்குப் பெரிய பெட்டிதான்."

முகாமையாளர் கனகரத்தினம் நீல வயரின் ஒரு முனையை மாலை பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனை உதவி முகாமையாளர் தாஹிரின் கையில்.

"அப்ப நான் மட்டும் இளப்பமா?" என்றார் தாஹிர். "இந்தக் கந்தோருக்கு ஒங்களுக்கு முந்தி வந்தவன் நான். எனக்கும் பெரிசுதான்."

சசிகரன் பல்லைக் கடித்தான்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பத்திர வேலை பார்க்கும் கந்தோர் அது. அங்குள்ள கணினிகளை வயரால் இணைப்பது சசிகரனின் வேலை. சுவர் நெடுக வயர் இழுத்து, முனைகளில் பிளாஸ்டிக் தலைகளைப் பொருத்தி, எல்லா மேசைக்கும் கொடுத்தாயிற்று. எல்லா வயரும் வந்து சேரும் பெரிய பெட்டி சுவிட்ச். கொழும்புக்கு வழி திறக்கும் சின்னப் பெட்டி ரவுட்டர். இரண்டையும் தொடுக்கும் ஒரே ஒரு வயர்தான் பாக்கி.

அதைப் பார்க்கத்தான் கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஷிஃபானா மிஸ் வந்து கதிரையில் அமர்ந்திருந்தார். இன்றைக்கு அவர் கண்முன்னால் இது ஓடினால் சசிகரனுக்கு இதே கந்தோரில் நிரந்தர வேலை. ஓடாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

எழுதுவினைஞர் நிரோஜினி காலையிலேயே எச்சரித்திருந்தாள். "ரெண்டு பேருக்கும் ஆகாது. ஃபிரிட்ஜ் வாங்கினதுக்கே ரிபனை ரெண்டு இடத்தில வெட்டினவை."

அவன் நம்பினான். நம்பாமல் என்ன? இந்த வாரம் அவர்கள் போட்டிபோட்டுக் கேட்ட கேள்விகள் அப்படி. வயர் வளையும் இடத்தில் எழுத்தும் நெளியுமோ என்றார் கனகரத்தினம். மழைக்கு ஈரமாக வருமோ என்றார் தாஹிர். ஒவ்வொரு கணினிக்கும் வீட்டு இலக்கம்போல ஓர் இலக்கம் உண்டு, சுவிட்ச் தபால்காரன் மாதிரி, கிண்ணியாக் கடிதத்தை மூதூரில் போடாது என்று சசிகரன் விளக்கினான்.

"எங்கட தபால்காரன் போடுறானே," என்றார் தாஹிர்.

இப்படியான இரண்டு பேருக்கு ஒரு கந்தோர், இரண்டு சுழல் கதிரை!

"சேர், வடிவாக் கேளுங்கோ," என்றான் இப்போது. "ஒரு முனை பெரிசில, மற்றது சின்னனில. ரெண்டையும் பெரிசிலயே செருகினா, ஒரு முனையால போன சேதி மற்ற முனையால அதே பெட்டிக்குள்ள திரும்பி வரும். பிறகும் போகும், பிறகும் வரும். சுத்திச் சுத்தியே வழியை அடைச்சுப்போடும். ஒண்டும் வேலை செய்யாது."

"அதெல்லாம் பிறகு கதைப்பம்," என்றார் கனகரத்தினம். "மிஸ், நல்ல நேரம் போகப்போகுது."

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒரே பெரிய பெட்டியில், ஒரே வயரின் இரண்டு முனைகளும் ஏறின.

சுவிட்சின் விளக்குகள் எல்லாம் பேய் பிடித்ததுபோலத் துடித்தன.

"பாத்தீங்களா மிஸ்! எல்லா லைற்றும் எரியுது!" கனகரத்தினத்தின் முகத்தில் தேர் இழுத்த பெருமை.

நிரோஜினி ஒரு பத்திரத்தைப் பிரிண்டருக்கு அனுப்பினாள். பிரிண்டர் அசையவில்லை. அடுத்த மேசையின் திரை உறைந்து நின்றது.

"ஒரு முனையைக் கழட்டினாக் காணும் சேர்," சசிகரன் கெஞ்சினான்.

"கழட்டட்டும். அவற்ற முனையை," என்றார் கனகரத்தினம் தாஹிரைக் காட்டி.

"ஏன், என்ட முனையில என்ன குறை?"

சசிகரன் கையை நீட்டினான். கனகரத்தினம் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "எடும் கையை! மனேச்சர் செருகினதைக் கழட்டுறதோ?"

"யாராவது ஒராள் கழட்டுங்க!" என்றார் ஷிஃபானா மிஸ்.

"அவர் முதல்ல கழட்டட்டும் மிஸ்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

சீனன்குடாவிலிருந்து புறப்படும் விமானத்துக்கு ஷிஃபானா மிஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு வயரையே பங்குபோட ஏலாத ஆக்களோட கொழும்பை எப்படி இணைக்கிறது? இந்தக் கந்தோர் இருக்கிற மாதிரியே கிடக்கட்டும். அடுத்த வருசம் பார்ப்பம்."

வாகனம் படலையைத் தாண்டும்வரை சசிகரன் பொறுத்துக்கொண்டான். பிறகு பொறுக்கவில்லை.

"உங்களுக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கோ? மாடும் ஒருக்காச் சொன்னா விளங்கிக்கொள்ளும்! உங்கட கௌரவத்துக்கு என்ர வேலையும் போச்சு!"

ஒருவரும் கோபிக்கவில்லை. கனகரத்தினம் நிதானமாகக் குனிந்து தன் முனையைக் கழற்றினார். விளக்குகள் அடங்கி ஒழுங்காகச் சிமிட்டத் தொடங்கின. பிரிண்டர் முனகிக்கொண்டு நிரோஜினியின் பத்திரத்தைத் துப்பியது. சின்னப் பெட்டி மட்டும் ஒன்றோடும் சேராமல் தனியே கிடந்தது.

"உள்ளுக்கு ஓடினா எங்களுக்குக் காணும்," என்றார் கனகரத்தினம்.

"தேத்தண்ணி ஆறுது மச்சான், குடி," என்று தாஹிர் அவர் கையில் கோப்பையைக் கொடுத்தார். நிரோஜினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கனகரத்தினம் ஒரு மிடறு குடித்துவிட்டு, சசிகரனின் தோளில் கை வைத்தார்.

"கொழும்பில இருந்தே எங்கட வேலையைச் செய்யலாம் எண்டு அவ கண்ணால கண்டிருந்தா, வாற மாசம் இந்தக் கந்தோருக்குப் பூட்டு. உம்மட நிரந்தர வேலையை எந்தக் கதிரையில இருந்து பாக்கிறதா யோசிச்சனீர், தம்பி?"