பிணம் சொன்ன யோசனை

ஆறாவது நாளாக நான் செத்துக் கிடந்தேன்.

வேலை சுலபம்தான். கண்ணை மூடிக் கம்பளத்தில் மல்லாந்து படுக்க வேண்டும். 'ஸ்டார்ட்' என்றால் மூச்சை அடக்க வேண்டும், 'கட்' என்றால் விட வேண்டும். கழுத்தில் வழிந்த ரத்தம் சர்க்கரைப் பாகு. இது துப்பறியும் படம் என்பது ஈக்களுக்கு மட்டும் தெரியவில்லை.

பிணத்துக்கு ஒரு வசதி உண்டு, எல்லோரும் நம்மை மறந்துவிடுவார்கள். கதாநாயகியின் பல்வலியும் கேமராமேனின் மாமியார் சண்டையும் என் தலைக்கு மேலேயே நடந்தன.

கொலைகாரன் யார் என்பது மட்டும் காதில் விழவே இல்லை. கதையின் கடைசி நாலு பக்கம் டைரக்டரின் பெட்டிக்குள் இருந்தது. நடிகர்களுக்குத் தெரிந்தால் முகத்தில் காட்டிக் கொடுத்துவிடுவார்களாம். லைட்பாய்கள் டாக்டர் மேல் பந்தயம் கட்டியிருந்தார்கள், மேக்கப்காரர்கள் தம்பி மேல்.

அன்று சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால், என் முடியைச் சரிசெய்வதுபோல் டைரக்டர் என் பக்கத்தில் குனிந்தார்.

"அக்கா, உங்கள யாரு கொன்னதுன்னு எனக்கே தெரியலக்கா. பெட்டியில இருக்கிறது வெறும் வெள்ளைக் காகிதம்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்புறம் பாவமாக இருந்தது. நாளைக்குக் கடைசிக் காட்சி. நாளை மறுநாள் செட்டைப் பிரிக்கிறார்கள். முடிவு இல்லை என்று தெரிந்தால் தயாரிப்பாளர் படத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். முப்பது வயதுகூட ஆகாத பிள்ளைக்கு முதல் படமே கடைசிப் படமாகிவிடும்.

உதடு அசையாமல் சொன்னேன். வக்கீலோடு வருகிற குமாஸ்தாதான். நம்பாவிட்டால் இதுவரை எடுத்ததைப் போட்டுப் பாருங்கள். உள்ளே வருகிற அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள், அந்த ஆள் மட்டும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

குமாஸ்தாவுக்கு வசனமே கிடையாது. ஃபைலைக் கட்டிப்பிடித்தபடி அலமாரி ஓரமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர் மேல் பந்தயம் கட்ட யாருக்கும் தோன்றவில்லை.

டைரக்டர் சாப்பாட்டை மறந்து ஓடினார். ஆறு நாள் படத்தையும் திரையில் ஓட்டிப் பார்த்தார். டாக்டர் பிணத்தைப் பார்க்கிறார். தம்பி பார்க்கிறான். சமையல்காரி எட்டிப் பார்க்கிறாள். குமாஸ்தா ஜன்னலைப் பார்க்கிறார், ஃபைலைப் பார்க்கிறார், தன் ஷூவைப் பார்க்கிறார்.

திரும்பி வந்தவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அந்த நாலு பக்கத்தையும் எழுத உட்கார்ந்தார். ஒரு ஷாட்டைக்கூட மறுபடி எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வசனம் முழுக்கக் குமாஸ்தாவுக்குத்தான். இருபது வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற மனிதர், ஒரே டேக்கில் பேசி முடித்தார். பந்தயத்தில் தோற்ற லைட்பாய்கள்தான் முதலில் கைதட்டினார்கள். பிணம் கைதட்டக் கூடாதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

படம் நூறு நாள் ஓடியது. இன்றைக்கும் டிவியில் போடுகிறார்கள். கொலைகாரன் கடைசிவரை பிணத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான், என்ன நுணுக்கமான நடிப்பு என்று எழுதாத பத்திரிகை இல்லை. டைரக்டரும் பேட்டிகளில் அடக்கமாகத் தலையாட்டிக்கொள்வார்.

கண்ணை மூடிக் கிடந்த பிணத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். துணை நடிகர்களை அனுப்பும் எங்கள் ஏஜென்ட் ஒரே படத்தில் ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேருக்கு வேலை தர மாட்டார். அதனால் செட்டில் நானும் குமாஸ்தாவும் முன்பின் தெரியாதவர்கள்.

தினமும் வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, இன்றைக்கு நான் எப்படிச் செத்தேன் என்று அவரிடம் கேட்பேன். தினமும் ஒரே பதில்தான்.

"யாரு பாத்தா? பொய்தான்னு தெரியுது. ஆனாலும் உன்ன அப்படிப் பாக்க மனசு வரலடி."