நெத்திலிக் கிடங்குக் கொலை

இன்றைக்கு முடித்துவிட வேண்டியதுதான் என்று வாசுகி தீர்மானித்தபோது, அவள் கையில் பிரேமாவதியின் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. பிரேமாவதி கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்தாள்.

"அக்கா, லேசா தலையத் திருப்புங்க. ரெண்டே சொட்டு."

"நீ வராட்டி தனியா கெடந்து ரொம்ப சூசாப்பட்டிருப்பேன் வாசு," என்றாள் பிரேமாவதி.

விழித்திரையில் ஆபரேஷன். ஒரு வாரத்துக்குக் குப்புறத்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் சாந்தினிக்குச் சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை. பெரியம்மா மகளாயிற்றே என்று கூலிம் பெக்டரியில் லீவு போட்டுவிட்டு சுங்கைப்பட்டாணிக்கு ஓடி வந்தவள் வாசுகிதான். இந்தக் காலத்தில் யார் இப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் புகழ்ந்தார்கள். எதற்காக வந்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முப்பத்து நான்கு வருஷத்துக் கோபம் அது.

சுங்கை லாலாங் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது, வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறை முழுக்க அவளுக்குத் துப்பறியும் நாவல்தான். அம்மா பார்த்தால் பிரம்பு பேசும். அதனால் மலாய்ப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிப்பாள். நாவல்களை இரவல் கொடுப்பவள் பிரேமாவதி. அப்போது அவளுக்குப் பதினேழு வயது, வாசுகிக்குப் பத்து. கைக்கு வரும் ஒவ்வொரு நாவலிலும் கடைசித் தாள் மட்டும் கிழிக்கப்பட்டிருக்கும்.

"கொலை பண்ணது யாருக்கா? சொல்லுங்கக்கா!"

"நீயே கண்டுபிடி, போ," என்று பிரேமாவதி சிரிப்பாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கனவு வர ஆரம்பித்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் முன்னால் போவான். வாசுகி பின்னாலேயே ஓடுவாள். அவன் நின்று மெல்லத் திரும்புவான். முகம் தெரியப்போகும் நேரம் பார்த்து அலறிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

பாய் நனைந்திருக்கும். பன்னிரண்டு வயது வரை பாயை நனைத்த பெண் என்று தோட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பிரேமாவதியின் குரல்தான் உரக்கக் கேட்டது. நாற்பத்து நான்கு வயதிலும் எப்போதாவது அந்த மழைக்கோட்டுக்காரன் வருகிறான்.

மூன்று நாளைக்கு முன்பு பிரேமாவதியே வாய்ப்பைக் கையில் கொடுத்தாள்.

"பொழுதே போகலலா. அலமாரியில ஒரு நாவல் இருக்கு, எடுத்து வாசியேன்."

திறந்து பார்த்தால், ஒரே நாவல் இருபது பிரதிக்கு மேல் அடுக்கியிருந்தது. 'நெத்திலிக் கிடங்கு'. எழுதியவர் கேள்விப்படாத பெயர். மலிவு விற்பனையில் அள்ளி வந்திருப்பாள், ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் கடைசித் தாளைக் கிழித்துக் கொடுப்பாள் என்று வாசுகி நினைத்துக்கொண்டாள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. யாரும் பிரித்த மாதிரித் தெரியவில்லை.

கதை தஞ்சோங் டாவாய் என்ற மீன்பிடிக் கிராமத்தில் நடந்தது. நெத்திலி வியாபாரி ஒருவர் தன் கிடங்கிலேயே செத்துக் கிடக்கிறார். கூட்டாளி மேல் சந்தேகம், படகுக்காரன் மேல் சந்தேகம், மனைவி மேல் சந்தேகம். வாசுகி ஒவ்வொரு நாளும் முக்கியமான இடமாகப் பார்த்து நிறுத்தினாள். "மேல வாசிடி, நிறுத்தாத," என்று பிரேமாவதி கெஞ்சுவதைக் கேட்க இனித்தது.

அடுப்படியில் நின்று முடிவை முன்கூட்டியே படித்துவிட்டாள். கொன்றது கூட்டாளி. கடைசித் தாளைக் கிழித்துவிட்டு "இல்லக்கா" என்று கைவிரிப்பதுதான் முதலில் போட்ட திட்டம். அது போதாது என்று பிறகு தோன்றியது. கண்ணில் போட்ட கட்டை அவிழ்த்ததும் வேறொரு பிரதியை எடுத்துப் பார்த்துக்கொள்வாள். பொய் முடிவைக் கொடுத்துவிட்டால்? அதையே நிஜமென்று நம்பிக்கொண்டு கிடப்பாள்.

மருந்து விட்டாயிற்று. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, புத்தகத்தை விரித்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தாள்.

கொன்றவள் வியாபாரியின் தங்கை. கதையில் இரண்டே இடத்தில் வந்து, அண்ணனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவள். போலீஸ் வந்து நிற்கும்போது அவள் பிணத்தைப் பார்த்துப் பேசுகிறாள்.

"'ஒனக்கு அது வெளையாட்டுண்ணே. ஊரே சிரிச்சப்ப நீயும் சேந்து சிரிச்ச. எனக்குத் தூக்கமே போச்சு. இத்தன வருஷம் ஒனக்குக் கஞ்சி ஊத்தினது பாசத்துல இல்ல. என்னைக்காவது ஒருநாள் நீ அசந்து படுப்பேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்.'"

வாசுகியின் குரல் உடைந்தது. அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"முடிஞ்சிருச்சுக்கா."

பிரேமாவதியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா? அழட்டும். வாசுகியின் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது.

"அந்தத் தங்கச்சி பேசுறத இன்னொரு வாட்டி வாசி."

வாசுகி அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினாள். அங்கே கூட்டாளியின் கையில் போலீஸ் விலங்கு மாட்டிக்கொண்டிருந்தது. தான் சொன்னதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"அது வந்து... பக்கம் தவறிப்போச்சுக்கா. இருங்க, தேடுறேன்."

"தேடாதடி," என்றாள் பிரேமாவதி, தலையணைக்குள்ளிருந்து. "நான் எழுதினத விட இது நல்லா இருக்குலா."