சட்டைக்குள் காற்று

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு இரும்புப் பட்டறை. அதில் கேஸ் வைத்து இரும்பு வெட்டுகிறவன் ஒருத்தன் இருந்தான். எந்நேரமும் எங்கேயோ மிதந்துகொண்டே இருப்பதால், அவனைக் 'கனவு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு அவன் மிதந்ததில் நியாயம் இருந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி, பிறந்த மகளோடு வருகிறாள். மூன்று மாதமாகப் பிள்ளையை அவன் போனில்தான் பார்த்திருக்கிறான்.

வருகிறாள் என்றால், வந்து தங்க இல்லை. அவள் அம்மாவுக்கு வெளியூரில் கண் ஆபரேஷன். போகிற வழியில் பஸ், பட்டறைக்கு எதிரே டீக்கடையில் கால் மணி நேரம் நிற்கும். அவ்வளவுதான். அதை விட்டால் இன்னும் ஒரு மாதம்.

ஹார்ன் சத்தம் கேட்டது.

கனவு குனிந்து பார்த்தான். உடம்பெல்லாம் இரும்புத் தூள். இப்படியா பெற்ற பிள்ளையைத் தூக்குவது?

வெட்டுகிற டார்ச்சிலிருந்து ஆக்ஸிஜன் ஹோஸைக் கழற்றினான். வால்வைத் திறந்தான். சட்டைக்குள், தலைமுடிக்குள், பேண்டுக்குள் எல்லாம் புஸ்ஸென்று விட்டுக்கொண்டான். தூள் பறந்தது. மலை உச்சியில் நிற்பதுபோல் ஜில்லென்று இருந்தது. கண்ணை மூடினான். மூடிய கண்ணுக்குள் மகள் அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், மூடுடா அதை!"

மேஸ்திரி பாய்ந்து வந்து வால்வை மூடினார். "கிரைண்டரை நிறுத்துங்க! வெல்டிங்கை நிறுத்து! ஒரு பொறி பறக்கக் கூடாது!"

பட்டறையே ஊமையாகிவிட்டது.

"நீ வெளிய போ. சட்டையைக் கழட்டிக் கொடியில போடு. அந்தச் சுவர் ஓரமா, காத்து வர்ற பக்கம் நில்லு."

"மேஸ்திரி, பஸ் வந்துடுச்சு. என் பொண்ணு..."

"கால் மணி நேரம் நீ யாரையும் தொடக் கூடாது. பிள்ளையை அறவே தொடக் கூடாது."

"காத்துதானே மேஸ்திரி? ஆக்ஸிஜன் தானா எரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது எரியாதுடா. எரியுறதுக்கு வாரி வாரிக் குடுக்கும். இப்ப உன் துணி, தலைமுடி எல்லாத்துலயும் அது ஏறி உக்காந்திருக்கு. பஸ்ஸை விட்டு இறங்குறவன்ல பாதிப் பேரு சிகரெட்டும் கையுமா இறங்குறான். ஒரு பொறி வந்து விழுந்தா நீ பந்தம். உன் கையில பிள்ளை வேற. தூள் போகணும்னா பிரஷ் இருக்கு, குழாய்ல தண்ணி இருக்கு. இதையா எடுப்ப?"

அதற்குள் மனைவி பிள்ளையோடு கேட்டுக்குள் வந்துவிட்டாள். மேஸ்திரி இரண்டு கையையும் விரித்து அவளை மறித்தார். "அங்கேயே நில்லும்மா. கிட்ட போகாதே."

"ஏங்க, என்ன தப்பு பண்ணீங்க?" என்றாள் அவள், அரைகுறை உடுப்பில் சுவரோரம் நின்றவனைப் பார்த்து. "முட்டி போடச் சொல்லல, அது ஒண்ணுதான் பாக்கி."

பட்டறைப் பெயிண்டர் பல்லைக் கடித்தார். "ஊதினது தப்புதான். அதுக்காகப் பெத்த அப்பனைப் பிள்ளைகிட்ட விடாம நிறுத்துவாங்களா?"

"அவருக்கென்ன, பிள்ளையா குட்டியா? தெரிஞ்சாத்தானே?" என்றான் வெல்டர், காதில் விழட்டும் என்றே.

மேஸ்திரி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "நிமிஷம் குறையக் கூடாது. அதுக்கு முன்னாடி நகர்ந்தே, நாளைக்கு இந்தப் பக்கமே வராதே." சொல்லிவிட்டு சாலையைக் கடந்து போய்விட்டார்.

இருபதடி தூரத்தில் மனைவி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். குழந்தை கொட்டாவி விட்டது. கனவும் கொட்டாவி விட்டான். அது கையை ஆட்டியது. அவனும் ஆட்டினான். நடுவில் வெயில் தண்ணீர்போல் நெளிந்தது. அக்கரையில் மகள், இக்கரையில் அவன். கொடியில் சட்டை மட்டும், அவன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்வதுபோல், கையை நீட்டி நீட்டி அவளைக் கூப்பிட்டது.

கால் மணி ஆனபோது எதிர்ப்பக்கம் பெரிய கூச்சல். மேஸ்திரி பஸ்ஸுக்கு முன்னால் நின்று டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கேட்டுக்கு எதிர்ல நிறுத்துறதுக்கு ரோடு என்ன உங்க மாமனார் வீட்டுச் சீதனமா?"

"யோவ், தள்ளுய்யா! வண்டியை எடுக்கணும்!"

"எடுங்க பாப்போம்! என் மேல ஏத்திட்டு எடுங்க!"

"பாத்தியா?" என்றார் பெயிண்டர். "இங்க பத்தலைன்னு அங்கேயும் போயிட்டாரு."

கனவு ஓடிப்போய்க் குழாயில் முகம் கை கழுவினான். சட்டையை உதறி மாட்டினான். மகளை வாங்கினான். இவ்வளவு லேசாகவா இருப்பாள்! மார்பில் சாய்த்ததும் அவன் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.

"பஸ் கிளம்பிடப் போகுதுங்க" என்றாள் மனைவி.

"எங்க கிளம்புறது? அந்த மனுஷன் விட்டாத்தானே?"

பத்து நிமிஷம் உலகம் நின்றது. பித்தானிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மகளை மனைவியிடம் கொடுத்து, இருவரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அவர்கள் ஏறியதும் மேஸ்திரி சட்டென்று வாயை மூடிக்கொண்டு பட்டறைப் பக்கம் திரும்பினார்.

கனவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. டிரைவரின் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். "மன்னிச்சுக்கங்கண்ணே. எங்க மேஸ்திரி வாய் அப்படி."

டிரைவர் தலையை வெளியே நீட்டி, குரலைத் தணித்தார். "மெதுவா பேசுப்பா, பஸ்ஸுல இருக்கிறவங்களுக்குக் கேட்டுடப் போகுது. 'உள்ள ஒருத்தன் இன்னும் பிள்ளையைத் தூக்கல, பத்து நிமிஷம் என்னோட சண்டை போடுங்க'ன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினதே அவர்தான்."

பஸ் போனது. மேஸ்திரி திரும்பிப் பார்க்காமல் பட்டறைக்குள் நடந்தார்.