பெயின்றுக்குக் கீழே இருந்த வருஷம்

"ஆர் உனக்கு இதுக்குப் பெயின்ற் அடிக்கச் சொன்னது?"

ஆனந்தராஜா கேட்கக் கேட்க ரஜிதன் ட்ரெயிலரின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றான். அதில் நின்றது ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள். பிரிட்டிஷ் இராணுவத்துக்கென்று செய்து, இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ஹொலண்ட் இராணுவத்தின் கைக்குப் போய், கைமாறிக் கைமாறி இப்போது டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு, ரஜிதனிடம் வந்திருந்தது. வந்து இரண்டே மாதத்தில் தலையிலிருந்து கால்வரை பளபளவென்று பச்சை.

ஆனந்தராஜாவுக்கு பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை. பழைய இராணுவ மோட்டார் சைக்கிள்களைப் பார்த்து வருஷம் சொல்வது அவருடைய பைத்தியம். அவர் எழுதிக் கொடுத்தால் டெனிஸ்காரரின் பழைய வண்டிக் கிளப்பே மறுபேச்சுப் பேசாது. அதற்காக வருவதற்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது? இன்று அவருக்கு அறுபதாவது பிறந்தநாள். முற்றத்துப் புல்லில் சின்னச் சின்ன டெனிஸ் கொடிகள் குத்தியிருந்தன. மூன்று மணிக்கு வேலையிடத்து ஆட்கள் வருகிறார்கள். போட்டிருந்த சேட்டை மாற்றச் சொல்லி மனைவி விமலாதேவி இரண்டு தரம் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டாள்.

ரஜிதனுக்கு அவனுடைய அவசரம். மே ஐந்தாம் திகதி, டென்மார்க் விடுதலையான நாளில் கிளப் ஊர்வலம். யுத்தகாலத்தில் செய்த வண்டிகளுக்கு மட்டும்தான் இடம். இவனுடைய ஹொலண்ட் பேப்பரிலோ 1951 என்று கிடக்கிறது. முடியாது என்றுவிட்டது கிளப். நாளைக்குள் ஆனந்தராஜாவின் கடிதம் போகாவிட்டால் ஊர்வலம் இல்லை. அவனோ ஹொல்ஸ்டெப்ரோ முழுக்கச் சொல்லி முடித்துவிட்டான். மகளின் வகுப்பே கொடியோடு வந்து நிற்கப் போகிறதாம்.

"பேப்பரை விடு. ஹொலண்ட்காரன் கழட்டிப் பூட்டின வருஷத்தை எழுதியிருப்பான். செய்த வருஷத்தை பிரேமிலை அடிச்ச நம்பர் சொல்லும். அந்த நம்பர் எங்கை?"

நம்பர் பெயின்றுக்குக் கீழே இருந்தது.

புது வாகனம் வாங்கினால் கோயிலில் பூசை செய்யாமல் ஓடலாமா என்று கேட்டான் ரஜிதன். துருவோடு அம்மனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த மனம் வரவில்லையாம். உரஞ்சித் தேய்த்து மூன்று பூச்சு அடித்தானாம். ஹொலண்ட் எழுத்தில் ஒரு பித்தளைத் தகடு இருந்ததாம். அழுக்காக இருந்தது என்று கழற்றி எறிந்துவிட்டானாம். ஆனந்தராஜா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்துவிட்டார்.

"எண்பது வருஷமா மழைக்கும் குண்டுக்கும் தப்பின நம்பரை, நீ ஒரு பூசைக்காக முடிச்சிட்டியேடா."

திட்டித் திட்டியே பெயின்ற் கழற்றும் திரவத்தை எடுத்துவந்து முழங்காலில் நின்றார். நின்றதும் ஒரு முனகல்.

"அறுபதுக்கே இப்பிடி முனகிறியள் அண்ணை. பென்சனுக்கு இன்னும் எட்டு வருஷம் கிடக்கு," என்று சிரித்தான் ரஜிதன்.

எட்டு வருஷம் என்றதும் ஆனந்தராஜாவுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. டொக்டரே இது எழுபது வயதுக்காரனின் முழங்கால் என்று வியந்ததை அவர் சொல்லத் தொடங்க, யன்னலில் நின்ற விமலாதேவி, கதையை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னாள்.

அரை மணித்தியாலம் சுரண்டியபின் ஹாண்டிலுக்குக் கீழே ஒவ்வொரு இலக்கமாக வெளியே வந்தது. குழிகளுக்குள் பெயின்றோடு சந்தனமும் அப்பியிருந்தது. பல்லுத் தேய்க்கும் பிரஷ்ஷால் அதையும் தோண்டி எடுத்து, தன் கொப்பியோடு ஒத்துப் பார்த்தார்.

"நாற்பத்திரண்டு. ஆனால் என்ஜின் நாற்பத்திநாலு. வேறை ஒண்டின்ரை என்ஜின்."

ரஜிதனின் முகம் கறுத்துப்போனது. அப்படியென்றால் இது எந்த வண்டி என்று கேட்டான்.

"பிரேம்தான் ஆள். மற்றதெல்லாம் பிறகு வந்து பூட்டினது."

கடிதத்தை எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். ரஜிதன் அவரைக் கட்டிப்பிடித்து, அரசாங்கப் பேப்பரும் பொய் சொல்லும் என்று இன்றைக்குத்தான் தெரியும் என்றான். அதற்கும் அவர் சீறி விழுந்தார்.

"பொய் எண்டு லேசாச் சொல்லாதை. அந்தப் பேப்பர் இல்லாட்டி இதை எப்பவோ உருக்கியிருப்பாங்கள்."

ட்ரெயிலர் போய் மறைந்ததும் விமலாதேவி அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மேசையில் கேக். அதன்மேல் ஆறும் சைபருமாக இரண்டு மெழுகுதிரிகள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த பச்சையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போதே யாழ்ப்பாணத்திலிருந்து போன் வந்தது. உங்கள் தம்பி என்று நீட்டினாள் மனைவி.

அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருமுன் அவரே தொடங்கினார்.

"பிறந்தநாள் வாழ்த்துக்கள், ஆனந்தராஜா. என்ரை பேரிலை பாஸ்போட் எடுக்கேலாத நாளிலை உன்ரையைத் தந்தாய், நான் உயிர் தப்பினன், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் நீ எனக்கு ஏழு வருஷம் பிந்திப் பிறந்த குற்றத்துக்கு, இண்டைக்கு வீட்டிலை இருக்கவேண்டிய நான் இன்னும் எட்டு வருஷம் வேலைக்குப் போகோணுமடா!"