கைலாசம் கோட்டை விட்ட வண்டி

"மறுபடியும் வண்டியைக் கோட்டை விட்டியாப்பா!"

கைலாசம் போட்ட சத்தத்தில் செங்கல்பட்டு பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. மதுராந்தகம் போகிற வண்டியின் கடைசிப் பெட்டி தூரத்தில் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

"நம்ம காஞ்சிபுரம் வண்டி லேட்டு மாமா. நான் இன்னா பண்றது?" என்று தலையைச் சொறிந்தான் பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணு.

"போன அமாவாசைக்கும் இதைத்தானே சொன்னே!"

அமாவாசை என்றால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தம் கேட்காது. நெசவுக்காரர்களுக்கு மாசத்தில் அது ஒன்றுதான் லீவு. அன்றைக்குத் தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு காலையில் ரயிலேறி, ஒரு கோயிலைப் பார்த்துவிட்டுப் பொழுதோடு திரும்புகிற மாதிரி ஏற்பாடு பண்ணுவது துரைக்கண்ணுதான். எந்த ஊருக்குப் போனாலும் செங்கல்பட்டில் வண்டி மாற வேண்டும். மாறுகிற வண்டி மட்டும் அவனுக்குச் சரியாகக் கிடைத்ததே கிடையாது.

"தண்ணி புடிச்சுக்கினு வந்துடறேன்" என்று கைலாசத்தின் மனைவி தில்லையம்மாள் கூஜாவோடு நைசாக நழுவினாள்.

தண்ணீராவது ஒன்றாவது! பிளாட்பாரக் கோடியில், வேப்பமரத்தடியில், மகள் குழலி கைக்குழந்தையோடு காத்துக்கொண்டிருந்தாள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். "இனிமே அவளோட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று அன்றைக்கே கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணியவர் கைலாசம். அவருக்குத் தெரியாமல் தில்லையம்மாள் துரைக்கண்ணுவிடம் கெஞ்சிக் கூத்தாட, அவனும் வேண்டுமென்றே பிந்தின வண்டியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்து திட்டு வாங்குகிறான்.

பேரனை வாங்கி ரெண்டு முத்தம் கொடுப்பதற்குள் அடுத்த வண்டிக்கு மணி அடித்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

அன்று முழுக்க கைலாசம் துரைக்கண்ணுவைக் காய்ச்சி எடுத்தார். தெருவுக்குத் திரும்பியதும் எல்லாரையும் வைத்துக்கொண்டு சவால் விட்டார்.

"வர்ற அமாவாசைக்கு நான் போடறேன்பா ப்ளான். அச்சிறுபாக்கம். ஒரு வண்டியைத் தவற விட்டேன்னா மீசையை எடுத்துடறேன்!"

மனுஷன் சொன்னதோடு விடவில்லை. ரயில்வே கைடு ஒன்றை வாங்கிவந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தறிக்குழியில் கால் தொங்கவிட்டபடியே படித்தார். தில்லையம்மாள் இனி எங்கே பேரனைப் பார்ப்பது? 'இந்த மாசம் முடியாது, புள்ளையைத் தூக்கிக்கினு வந்து அலையாதே' என்று மகளுக்குத் துரைக்கண்ணு மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இருந்தாலும், வண்டி தவறினால் அடுத்த மாசமாவது ஏற்பாடு துரைக்கண்ணு கைக்கே திரும்பும் என்று, அமாவாசையன்று தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். புளிசாதம் கட்ட ஒரு யுகம் எடுத்துக்கொண்டாள். சாவியைக் காணோம் என்றாள். பாதித் தெருவில் நின்று, அடுப்பை அணைச்சேனா தெரியலையே என்று வீட்டுக்குத் திரும்பி ஓடினாள். கைலாசம் எதற்கும் மசியவில்லை. முதல் வண்டியே கிடைத்துத் தொலைத்தது.

செங்கல்பட்டில் இறங்கினால், எதிர்ப் பிளாட்பாரத்தில் வண்டி தயாராகப் புகை கக்கிக்கொண்டு நிற்கிறது. எல்லாரும் மூட்டைமுடிச்சோடு ஓடினார்கள்.

"ஏறாதீங்க!" கைலாசம் பெட்டி வாசலில் ரெண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டார். "இது எக்ஸ்பிரஸ்ஸு. அச்சிறுபாக்கத்துல நிக்காது. நம்ம வண்டி பின்னாடி வந்துக்கினு இருக்குது."

"பாசஞ்சர் மாதிரி இருக்குதே மாமா..."

"கைடு படிச்சது நீயா, நானா?"

விசில் ஊதியது. வண்டி போயே போய்விட்டது.

"இன்னாய்யா, அச்சிறுபாக்கம் வண்டியை வுட்டுட்டு நிக்கிறீங்க?" என்றான் ஒரு போர்ட்டர். "அடுத்தது மத்தியானத்துக்கு மேலதான்."

கிளம்பியது பாருங்கள் சிரிப்பு!

"சிவபெருமான் தேரே அச்சு முறிஞ்சு நின்ன ஊராச்சே அச்சிறுபாக்கம், நம்மளை மட்டும் வுடுமா?" என்றார் ஒரு பெரியவர்.

"மீசைக்குக் கத்தி கொண்டாரட்டுமா மாமா?" துரைக்கண்ணு இத்தனை மாசமாக வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தான். கைலாசம் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

தில்லையம்மாளுக்குத்தான் அழுகை முட்டியது. அரைநாள் முழுசாகக் கிடைத்திருக்கிறது. இன்றைக்கென்று பார்த்தா அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லித் தொலைக்கவேண்டும்?

கைலாசம் பெஞ்சில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா இங்கியே குந்திக்கினு இருக்கிறே? வேப்பமரத்தாண்ட போ."

"எ... எந்த வேப்பமரம்?"

"நேத்தே ஆளை அனுப்பி அவளை வரச் சொல்லிட்டேன். போ."

"உங்களுக்கு எப்படி..."

"அரைக் கூஜா தண்ணிக்குப் போயிட்டு எவளாவது கண்ணு செவக்க அழுதுக்கினு வருவாளா? போன தடவை பின்னாலயே வந்து பார்த்துட்டேன். அந்தத் துரைக்கண்ணுக்கு ஒரு வண்டியை ஒழுங்காக் கோட்டை விடக்கூடத் தெரியலை. அரை மணியில அடுத்ததைப் புடிச்சுடறான்."

தில்லையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்களும் வாங்களேன்."

"சத்தியம் பண்ணியிருக்கேன்." முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் நாலடி நடந்திருப்பாள்.

"இந்தா... அந்தப் பையனைத் தூக்கிக்கினு வந்து எங்கிட்ட விட்டுட்டுப் போ."

"சத்தியம்?"

"அது அவளோட பேச மாட்டேன்னுதானே! இவன்தான் அன்னிக்குப் பொறக்கவே இல்லையே!"